காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை

நான்கு நாள், ஆறு பேர், கடைசி நாள் ஒத்திகைத் தேர்வு. மதுரையிலிருந்து கிளம்பும்போது எங்கள் துறைத் தலைவர் சொல்லியனுப்பியது இவ்வளவுதான். பிறகு ஞாபகம் வந்தவர்போல் வாசல் வரை வந்து, "அங்க நல்லபடியா நடந்தா உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேக்கலாம் பாண்டி. நடக்கலைன்னா எந்த வாயை வெச்சுக்கிட்டு நான் கேக்க?" என்றார். விழுப்புரம் வந்து இறங்கும்வரை அந்தக் கேள்வி என் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து வந்தது.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவ மாணவர்கள் நோயாளியிடம் பேசவும் தொட்டுப் பரிசோதிக்கவும் பழக வேண்டும். அதற்காக, நல்ல உடம்போடு இருக்கும் ஆட்களைப் பிடித்து, இந்த நோய்க்காரர் இப்படித்தான் உட்காருவார், இப்படித்தான் முனகுவார், இந்தக் கேள்விக்கு இந்தப் பதில் சொல்வார் என்று பழக்கி மாணவர் முன்னால் உட்கார வைப்போம். மாதிரி நோயாளிகள் என்று பெயர். அவர்களைப் பழக்குகிறவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். விளாத்திகுளம் பக்கம் விறகை அடுக்கிக் கரிமூட்டம் போடும் என் அப்பா, இந்த வேலையை நான் விளக்கியபோது கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "லீவு போடுறதுக்கு நீ அதைத்தானடா பள்ளிக்கூடத்துல செஞ்ச? அதுக்கா சம்பளம் குடுக்காக?" என்று கேட்டார்.

விழுப்புரத்துக்கு வெளியே இருக்கும் அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே பயிற்சிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் டாக்டர் ரேவதி. வேகமாக நடப்பவர், அதைவிட வேகமாகப் பேசுபவர். வந்ததும் என்னை ஆண்கள் வார்டுக்கு அழைத்துப் போனார். தேர்வுக்காலம். கல்லீரல் வீங்கிய ஒரு பெரியவரின் கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கோட்டுகள். ஒவ்வொருவராக வயிற்றில் கை வைத்து அழுத்தினார்கள். எங்களைக் கண்டதும் அந்தப் பெரியவர் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு உள்ளேயிருந்தே பேசினார்.

"இன்னும் எத்தினி பேரு கீறாங்கோ? உடம்பு என்னுதாம்மா, காய்கறிக் கட இல்ல. ஆளாளுக்கு அமுக்கிப் பாக்கறதுக்கு."

ரேவதி மேடம் வெளியே வந்ததும் சொன்னார்: "இதுக்காகத்தான் உங்களை வரச் சொன்னேன். எங்க கல்லூரித் தலைவருக்கு இதுல நம்பிக்கை இல்ல. நாடகம் போடற இடமான்னு கேக்கறார். ஒரே ஒரு ஒத்திகைக்குத்தான் ஒத்துக்கிட்டார். அது கெட்டா, இவரை மாதிரி ஆளுங்க வயித்தைத்தான் தொடர்ந்து அமுக்கிக்கிட்டு இருப்போம்."

ஆட்களைத் திண்டிவனத்தில் எடுக்கலாம் என்பது அவர் யோசனை. விழுப்புரத்துக்காரர்கள் அடிக்கடி அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்கள். மாணவர்களுக்கு முகம் தெரிந்துவிடும். ஆகவே அன்று மதியமே திண்டிவனம் போய்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ஒரு டியூஷன் சென்டரின் மாடி பகலில் காலியாகக் கிடக்கும், அதுதான் நாங்கள் பழகும் இடம்.

விடுதிக்கு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். இட்லிக்கு வடகறி, அதாவது வடையை உதிர்த்துப் போட்ட குழம்பு, ஊற்றிச் சாப்பிட்டது வாழ்க்கையில் அன்றுதான் முதல் தடவை. எங்கள் ஊர்ப் பக்கம் இட்லிக்கு எதைக் கேட்டாலும் சட்னிதான் வரும், கேட்காவிட்டாலும் சட்னிதான் வரும். பரிமாறியவர் என் இலையைப் பார்த்து, "இன்னா சார், வடகறியப் பாத்து மெரள்றீங்கோ? கடிக்காது, சாப்டுங்கோ" என்றார். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டுத் தன் இலையிலிருந்த வடகறியை வழித்துக் காட்டினார். கவலை இருக்கும்போதும் எனக்கு நன்றாகப் பசிக்கிறது. அதை நினைத்து எனக்கே கொஞ்சம் வெட்கம்.

இரண்டாம் நாள் காலை, மேடம் ஆள்விட்டுச் சொல்லிவைத்திருந்த ஆறு பேரும் வந்துவிட்டார்கள். பூ விற்கும் அம்மா ஒருவர், தையல்காரர் ஒருவர், இன்னும் மூன்று பேர், கடைசியாக ஏழுமலை. ஏழுமலைக்கு ஐம்பது வயதிருக்கும். ஒலக்கூர் பக்கம் கிராமம், கொஞ்சம் சொந்த நிலம். மற்ற நேரத்தில் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டைகளுக்கு எடை போடுகிறவர். எங்கள் பக்கம் நிலக்கடலை என்பதைத்தான் இங்கே மல்லாட்டை என்கிறார்கள். சட்டைப்பையில் எப்போதும் நாலு பருப்பு கிடக்கும்.

அவருக்கு நான் ஒதுக்கியது வயிற்றுவலிக்காரர் வேடம். முந்தின இரவிலிருந்து வலி, வாந்தி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நான் மாணவனாக எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"நாலு இட்லி சார். ஒரு வடை."

மாடியே சிரித்தது. பூக்கார அம்மா, "வடை இன்னா வடைன்னு கேளு சார், அதையும் சொல்லுவாரு" என்றார். நான் விளக்கினேன். மறுபடி கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், தலையைச் சொறிந்தார்.

"சாப்ட்டுட்டு வந்து குந்திக்கினு சாப்புடலன்னு எப்டி சார் சொல்றது? வாய் வர்ல. எடைய ஒரு தபா மாத்திச் சொன்னா மண்டில அப்பால நிக்க முடியாது. அந்தப் பழக்கம்."

வலி மட்டும் அவருக்குப் பிரமாதமாக வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து உட்காரும்போது யாருக்கும் எழுந்து உதவத் தோன்றும். சாப்பாட்டுக் கேள்வியில்தான் ஒவ்வொரு தடவையும் இட்லி எட்டிப் பார்த்தது.

அடுத்த சிக்கல் பெயர். மதுரையில் ஆட்கள் சொந்தப் பெயரிலேயே நடிப்பார்கள். மறக்காது என்பதால் அது வசதி. இங்கே ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஐய, எம் பேரச் சொல்லி அந்த நோவச் சொல்லாத சார்" என்று பூக்கார அம்மா காதைப் பொத்திக்கொண்டார். "பேரோட சேத்துச் சொன்னா அது வந்து ஒட்டிக்கும்." படித்தவன் என்ற தோரணையில் ஏதோ சொல்லவந்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஆளுக்கொரு புதுப்பெயர் வைத்தோம். ஏழுமலை தனக்கு நாராயணசாமி என்று வைத்துக்கொண்டார்.

"யாரண்ணே அது?"

"எங்க மண்டி பழைய மொதலாளி. செத்துப் போயிட்டாரு. அவருக்கு இன்னிமே இன்னா வந்துடப் போவுது?"

பெயருக்கே அவர்கள் மிரண்டதைப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் நான் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைத் தள்ளிப்போட்டேன்: உங்களுக்கு நிஜமாகவே ஏதாவது நோய் உண்டா, மாத்திரை எடுக்கிறீர்களா? நோய் என்ற சொல்லையே ஒதுக்கிவைக்கும் ஆட்களிடம் அதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பிறகு அது மறந்தே போனது.

மூன்றாம் நாள் பயிற்சி நடுவே டீ குடிக்கப் போனோம். எல்லாருக்கும் டீ சொன்ன ஏழுமலை, தனக்கு மட்டும், "சக்கர இல்லாம ஒண்ணு" என்றார். நான் அந்த நேரம் கண்ணாடித் தம்ளரின் சூட்டில் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மணி அடிக்கும் விதியைச் சொல்லிக்கொடுத்தேன். மாணவர் உள்ளே வருவதற்கு ஒரு தடவை அடிப்பேன், வெளியே போவதற்கு ஒரு தடவை. ஒருவர் போனதும் அடுத்தவர். "நடுவுல சிரிக்கக் கூடாது, என்னைத் தேடக் கூடாது. இடியே விழுந்தாலும், எல்லாரும் போயி முடியிற வரைக்கும் நீங்க நாராயணசாமிதான்."

ஏழுமலையைத் தனியாக அழைத்துப் போய் இன்னொன்றும் சொன்னேன். "அண்ணே, நாளைக்கு வீட்டுல இருந்து கிளம்பும்போதே மனசுல ஏத்திக்கிட்டு வாங்க. நீங்க காலையில இருந்து ஒண்ணுமே சாப்பிடலை. அது நெசம்னு ஆயிட்டா வாய் தானா வந்துரும்."

அவர் முகம் தெளிந்தது. "அட, ஆமால்ல? அப்டினா சுளுவு தம்பி." அதுவரை சார் என்றவர் தம்பி என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நான்காம் நாள் காலை, கல்லூரி அனுப்புவதாகச் சொன்ன வேன் வரவில்லை. தொலைபேசியில், "கெளம்பிட்டான் சார்" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. ஆறு பேரையும் விழுப்புரம் பேருந்தில் ஏற்றினேன். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் டயர் வெடித்தது. நடத்துநர் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்டெப்னியும் பஞ்சருங்கோ, பின்னாடி வர்ற வண்டில ஏறிக்கங்கோ" என்று அறிவித்தார். ஒரு பயணி, "டிக்கெட்டாவது நல்ல டிக்கெட்டா, இல்ல அதுவும் பஞ்சரா?" என்று கேட்டார். நெடுஞ்சாலையில் வருகிற ஒவ்வொரு பேருந்தும் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரேவதி மேடத்திடமிருந்து அழைப்பு மேல் அழைப்பு. "தலைவர் வந்து உக்காந்துட்டார் பாண்டி. வாட்சைப் பாக்கறார்."

அவித்த மல்லாட்டை விற்ற ஒருத்தியிடம் பூக்கார அம்மா பொட்டலம் வாங்கி எல்லாருக்கும் பிரித்தார். ஏழுமலையிடம் நீட்டியபோது அவர் கையை ஆட்டினார். "வாணாம்மா."

"மண்டிக்காரரு மல்லாட்ட வாணான்றாரு பாருடா! இன்னா, வேஷம் கட்டியாச்சா?"

அவர் தள்ளிப்போய், எங்களுக்கு முதுகைக் காட்டி ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துகொண்டார். மனதில் ஏற்றிக்கொள்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் பெருமையாக இருந்தது.

ஒருவழியாக ஒரு பேருந்து நின்றது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் அது நின்ற நேரம் தனிக்கதை. கல்லூரிக்குள் நுழைந்தபோது தேர்வு தொடங்கவேண்டிய நேரம் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. "தண்ணி குடிச்சிட்டு நேரா ரூமுக்குப் போங்க" என்று மேடம் எல்லாரையும் தள்ளிக்கொண்டு போனார். ஆறு சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கேமரா. நானும் மேடமும் தலைவரும் எதிர் அறையில் திரைகளின் முன்னால் உட்கார்ந்தோம். என் கைக்கருகில் மணி.

அடித்தேன். முதல் சுற்று மாணவர்கள் உள்ளே போனார்கள். ஏழுமலையின் அறையில் ஒரு பையன், "காலையில என்ன சாப்பிட்டீங்க ஐயா?" என்று கேட்டான்.

"காத்தாலருந்து ஒண்ணும் சாப்புடல தம்பி."

தடுமாற்றமே இல்லை. அவ்வளவு சோர்வாக, அவ்வளவு உண்மையாக. மேடம் என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினார். இரண்டாவது மாணவர், மூன்றாவது மாணவர். தலைவர் மற்ற திரைகளை விட்டுவிட்டு அந்த ஒன்றையே பார்க்க ஆரம்பித்தார். "நெத்தியில வேர்வைகூட வர வெக்கறாரே. யார் இவர், நாடகக்காரரா?"

"மண்டியில எடை போடுறவர் சார்."

"பிரமாதம்."

அந்தச் சொல் என் ஒப்பந்தத்தின்மேல் வந்து விழுந்த முத்திரைபோல் இருந்தது. அடுத்த மாணவர் வந்தபோது ஏழுமலையின் விரல்கள் நடுங்கின. நடுக்கம் நான் சொல்லிக்கொடுத்ததில் கிடையாது. தானாகச் சேர்த்துக்கொள்கிறார் என்று எண்ணினேன். அதற்கடுத்த மாணவி, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக வெகுநேரம் காத்திருந்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க பேரு?"

"ஏழுமல."

நான் முதலில் எரிச்சல்தான் பட்டேன். இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டுப் பெயரில் கோட்டைவிட்டாரே! மாணவி குறிப்பைப் பார்த்து, "நாராயணசாமின்னு போட்டிருக்கு?" என்றாள். "ஏழுமல. ஒலக்கூர்" என்று அவர் திரும்பவும் சொன்னார்.

பிறகுதான் உறைத்தது. எதை மறந்தாலும் அந்த மனிதர் அதை மறக்கமாட்டார். நோயோடு தன் பெயரைச் சேர்க்க அஞ்சி, செத்தவர் பெயரைக் கடன் வாங்கியவர். அவர் வாயிலிருந்து சொந்தப் பெயர் வருகிறதென்றால் அந்த நாற்காலியில் நாராயணசாமி இல்லை.

"மேடம், என்னமோ சரியில்லை. நிறுத்தணும்."

"பேர் மாறினா என்ன பாண்டி? விடுங்க, சுத்து முடியட்டும்" என்று மேடம் கிசுகிசுத்தார். தலைவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். சர்க்கரை இல்லாத டீ, தள்ளிவிட்ட மல்லாட்டை, மைல்கல்லில் உட்கார்ந்திருந்த முதுகு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மணியை எடுத்து அடித்தேன், விடாமல்.

அங்கேதான் நான் எதிர்பாராதது நடந்தது. மணி அடித்தால் மாறவேண்டும் என்றல்லவா மாணவர்களுக்கும் சொல்லிவைத்திருந்தோம்? ஆறு கதவுகளும் திறந்தன, ஆறு பேர் வெளியே வந்தார்கள், அடுத்த ஆறு பேர் உள்ளே போனார்கள். நான் நடைக்கூடத்தைத் தாண்டி ஓடி ஏழுமலையின் அறைக்குள் நுழைந்தபோது, ஒரு மாணவி உட்கார்ந்து, "வணக்கங்க ஐயா, நான் நிவேதா" என்று தொடங்கிவிட்டிருந்தாள்.

அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோளைப் பிடித்தேன். "அண்ணே, காலையில என்ன சாப்பிட்டீக?"

"காத்தாலருந்து ஒண்ணும் சாப்புடல தம்பி."

அதே வரி, அதே குரல். நிவேதா தன் தாளில் குறித்துக்கொண்டாள்.

"அண்ணே, தேர்வு முடிஞ்சிருச்சு. நான் பாண்டி. நெசமாச் சொல்லுங்க."

அவர் கண்கள் என்மேல் நிற்க முயன்று வழுக்கின. "நெசமாத்தான்... ஒண்ணும் சாப்புடல. நீதான சொன்ன?"

"சுகர் மாத்திரை?"

"அது போட்டுக்கினேன்."

தாள் கீழே விழுந்தது. நிவேதா அவர் கையைத் தொட்டாள், அடுத்த நொடி கதவை நோக்கி, "மேடம்! சுகர் எறங்கிடுச்சு! குளுக்கோஸ் எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினாள். அதுவரை மெல்லிய குரலில் பேசிய பெண். ரேவதி மேடம் வந்து விரல்நுனியில் குத்திப் பார்த்தார். கருவியில் வந்த எண்ணைப் படித்ததும் குளுக்கோஸுக்குக் கை நீட்டினார். ஏழுமலை இன்னும் விழுங்குகிறாரா என்று பார்த்து, குளுக்கோஸ் கரைசலை வாய்க்கு மெல்லக் கொடுத்தார்கள். சொட்டுச் சொட்டாக மோவாயில் வழிந்தது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். தள்ளுகட்டிலில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த மாத்திரையின் வேகம் லேசில் அடங்காது, சர்க்கரை மறுபடி இறங்கலாம், நாளைவரை இங்கேதான் என்றார் மேடம்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் பார்வை நேரானது. பயிற்சி மருத்துவர் அட்டையோடு வந்து, "பேரு சொல்லுங்க" என்றார். ஏழுமலை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"எந்தப் பேர சொல்லட்டும் தம்பி?"

"உங்க பேரையே சொல்லுங்கண்ணே."

அவர் தயங்கினார். பூக்கார அம்மா கட்டில் ஓரத்திலிருந்து, "நானு சொல்றேன்யா, அவரு சொல்ல வேணாம். எழுதிக்கோ, ஏழுமல" என்றார்.

மறுநாள் மதியத்துக்குமேல் அவரைத் திண்டிவனம் பேருந்தில் அழைத்துக்கொண்டு திரும்பினேன். சன்னல் இருக்கை அவருக்கு. பாதி வழியில் ரேவதி மேடம் அழைத்தார். பேருந்து இரைச்சலில் அவர் கத்தியது பக்கத்து இருக்கைக்கும் கேட்டது.

"தலைவர் நிறுத்தச் சொல்லல பாண்டி. அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சதை நாலு பேர்கிட்ட சொல்லிட்டிருக்கார். அடுத்த மாசம் மறுபடி வெக்கலாம். எல்லாருக்கும் இங்கயே டிபன், முன்கூட்டியே உடம்புப் பரிசோதனை. ஆனா ஏழுமலையை மட்டும் கூட்டிட்டு வர வேண்டாம்னுட்டார். நடிக்கத் தெரியாத ஆளை ஏன் கூட்டிட்டு வந்தீங்கன்னு கேக்கறார். என்ன பதில் சொல்ல?"

"ஊருக்குப் போயி கூப்பிடறேன் மேடம்."

ஏழுமலை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரமாதம்னு சொன்னாராமே" என்றார். "அந்தப் பொண்ணு சொல்லுச்சி."

அவர் வீட்டு வாசலில் மனைவி கன்னியம்மா நின்றிருந்தார். தொலைபேசியில் முந்தின நாளே சொல்லியிருந்தேன். புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார் சாப்புட வேணான்னாராம், ஆஸ்பத்திரில ரத்தம் எடுப்பாங்கோன்னு நானும் நெனச்சிக்கினேன். மாத்திரையயாவது போட்டுக்கினு போன்னு, எங்கையால குடுத்து முழுங்க வெச்சேன். எங்கையால." குரல் உடைந்தது, உடனே அதைச் சரிசெய்துகொண்டார். "நீ பொய் சொல்லக் கத்துக்குடுக்கதான வந்த? அத ஒழுங்கா கத்துக்குடுக்கக் கூடாதா?"

என் படிப்பில் அதற்குப் பதில் வரும் பாடம் இல்லை. அவர் உள்ளே போய் இரண்டு தட்டில் கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தார். "உக்காரு. நீயும் துன்னுருக்க மாட்ட."

களி எங்கள் வீட்டிலும் உண்டு, கம்பு மாவில் கிண்டுவது. இது இன்னும் வழவழப்பாக, வாயில் வைத்ததும் தானாக இறங்கியது. ஏழுமலை உருட்டி உருட்டி விழுங்கினார். முதல் தட்டு முடிந்தது. கன்னியம்மா இரண்டாவது உருண்டையைப் போட்டார். அதிலும் பாதி இறங்கியபின் ஏழுமலை தட்டை ஒதுக்கிவைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்தார். முகம் சுருங்கியது. கண் உள்ளே போயிற்று. உதட்டோரம் களி ஒட்டியிருக்க, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"காத்தாலருந்து ஒண்ணும் சாப்புடல தம்பி."

கன்னியம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "யோவ்! இன்னா பண்ணுது?" என்று பதறிப்போய் அவர் நெற்றியைத் தொட்டார். ஏழுமலை அசையவில்லை, சிரிக்கவில்லை. ஓரக்கண்ணால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், மணிக்காகக் காத்திருப்பவர்போல்.

நான் எச்சில் கையோடு இடக்கையால் தொலைபேசியை எடுத்து, தலைவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ரேவதி மேடத்தை அழைத்தேன்.